பேக்ஸ்பேஸுக்கு மசியாத வரி

ஆரியசாலைத் தெருவுக்குள் கார் திரும்புவதற்கு முன்பே நாற்றம் எதிரே வந்து வரவேற்றது. சாதாரண நாற்றமா அது? கையும் காலும் முளைத்த நாற்றம். மிளகாய் மண்டியின் காரத்தையும் புளிக்கிடங்கின் புளிப்பையும் பெருங்காயக் கடையின் வீச்சத்தையும் ஒரே அடியில் சாய்த்துவிட்டு, நடுத்தெருவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த நாற்றம். மீனுக்காகவே பிறவி எடுத்த ஒரு கொழுத்த பூனை அந்த வழியாக வந்தது, மூக்கை ஒரு தடவை சுருக்கியது, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"அக்கா, நாம மூக்கைக் கழத்தி வீட்டுல வச்சிட்டு வந்திருக்கலாம்," என்றான் டிரைவர் செல்வகணேஷ், ஸ்டியரிங்கை ஒரு கையாலும் முகத்தை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு.

வாலாம்பாள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது உள்ளே வந்து குடியேறிவிடும் என்று பயந்தாள். கற்பூரம் முடிந்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, "நிறுத்து" என்று கையை மட்டும் காட்டினாள்.

வலியசாலையில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு எங்காவது காதல் உண்டா என்று விசாரித்துச் சொல்கிற துப்பறியும் மாமி. டெக்னோபார்க்கில் இருபது வருஷம் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் தலையை விட்டு, டிவைஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தவள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. அந்த வேலையை ஏன் விட்டாள்? ஆபீஸ் மைக்ரோவேவில் யாரோ தினமும் சூடு பண்ணிய கருவாட்டுக் குழம்புக்காக. அப்படிப்பட்ட மூக்கு அது. அதைக் கொண்டுவந்து ஓர் இறால் குளிர்கிடங்கின் வாசலில் நிறுத்தினால், அது கொலைமுயற்சி.

கிடங்கின் முதலாளி ஆறுமுகநயினார் வாசலிலேயே நின்றார். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் துக்க வீட்டுக்காரரின் அடக்கம்.

"வாங்கம்மா. நாத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. நஷ்டத்தைக் கணக்கெடுக்குற சர்வேயர் வந்து பாக்குறது வரைக்கும் சரக்கை அப்புறப்படுத்தக் கூடாதுன்னு இன்சூரன்ஸ்காரன் சொல்லிட்டான். நேத்துக் காலம்பற அந்தப் பிள்ளை மூணாம் ரூம்புக் குளிரை நிறுத்திட்டா. சாயங்காலம் திறந்து பாத்தா, ஒரு ரூம்பு எறாலும் போச்சு."

"வேணும்னு நிறுத்தினாளா?"

"வேணும்னோ கைதவறியோ, நிறுத்தினது அவதான். வீடியோ இருக்கு. கைதவறிட்டுன்னு ஒரு எழுத்து எழுதித் தந்தா போதும், போலீஸுக்குப் போக மாட்டேன்னுட்டேன். நானும் மக பெத்தவன்தானே? நீங்களும் பாத்து, 'ஆமா, இவதான்'னு உங்க லெட்டர்ஹெட்டுல ஒரு ரிப்போர்ட் தந்தா சர்வேயருக்கும் ஒரு திருப்தி. அவரு மத்தியானம் வாராரு."

மாப்பிள்ளை விசாரிக்கிற மாமிக்கு இது போதும் என்று அவர் நினைத்திருந்தார். பாவம்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி, கரமனைக்காரி, கிடங்கு அறைகளின் குளிரைக் கவனிக்கிற ஆபரேட்டர். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மடியில் ஒரு தாள். 'என் கவனக்குறைவால் மூன்றாம் அறையின் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டேன்' என்று டைப் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"மேடம், அடுத்த மாசம் எனக்கு பெங்களூர்ல ஜோலி சரியாயிருக்கு. இதில ஒப்பமிட்டா அவா என்னை எடுக்க மாட்டா. ஒப்பமிடலைன்னா போலீஸ் ஸ்டேஷன்." மூக்கை உறிஞ்சினாள். "சத்தியமாயிட்டு நான் அடிக்கலை. அது தானே வந்தது."

"தானே வர அது என்ன, சாமியா?" என்றார் நயினார். செல்போனை நீட்டினார்.

வீடியோ என்றால் பெரிய வீடியோ இல்லை. கூரை மூலையில் ஒரு காமிரா. ஸ்ரீலக்ஷ்மியின் முதுகு, அவள் தலைக்கு மேலே தெரிகிற பழைய டெர்மினல் திரை. நினைவிருக்கிறதா, கறுப்புக் கண்ணாடியில் பச்சை எழுத்து ஓடுமே, அந்த ஜாதி. முதலாளி தொண்ணூறுகளில் வாங்கிப் போட்டது. 'ஓடுறவரை ஓடட்டும்' என்று இன்றுவரை மாற்றாத மகா கஞ்சத்தனம். திரையில் 'ஸ்டாப் 3' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. விசைப்பலகையை முதுகு மறைக்கிறது. வலது முழங்கை மட்டும் குதி குதியென்று குதிக்கிறது.

"பாத்தீங்களா? எப்பிடி அடிக்கா பாருங்க! ஆவேசமால்லா அடிக்கா!"

வாலாம்பாள் திரும்பவும் ஓடவிட்டாள். இன்னொரு தடவை. நாற்றத்தை மறந்து கைக்குட்டையை இறக்கியே விட்டாள். அப்புறம் ஞாபகம் வந்து அலறியடித்துக்கொண்டு ஏற்றினாள்.

"செல்வா, இதைப் பார். அவ என்ன பண்றா?"

"டைப் அடிக்கா."

"டைப் அடிச்சா எழுத்து கூடணும். அழிச்சா எழுத்து குறையணும். முழங்கை கிடந்து துள்ளறது, எழுத்து கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்போ அவ என்னதான் பண்றா?"

செல்வகணேஷ் தலையைச் சொறிந்தான். "உரல்ல மாவு இடிக்காளோ?"

"நான் அழிக்க நோக்கினேன் மேடம்!" ஸ்ரீலக்ஷ்மி எழுந்தே விட்டாள். "நான் சாயா கிளாஸைக் கீழே வச்சிட்டு நிமிர்ந்தா, திரையில அந்த வரி கிடக்கு. பயந்துபோய் பேக்ஸ்பேஸ் அடிச்சேன். அடிச்சேன், அடிச்சேன், ஓரெழுத்து கூட போகல்லை."

"அந்தக் கட்டை வேலை செய்யாதும்மா," என்றார் நயினார் அலட்சியமாக. "அழுக்கு அடைச்சிருக்கும்."

அழுக்கு! அந்தச் சொல் அதற்குப் போதாது. அடுத்த அறையில் அந்த விசைப்பலகையைப் பார்த்தபோது வாலாம்பாள் கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்து மூக்கில் அழுத்தினாள். எழுத்துகளுக்கு இடையே முப்பது வருஷத்துச் சரித்திரம் கிடந்தது: வடைத்தூள், தலைமுடி, நகம், எறும்பின் எலும்புக்கூடு, இன்ன உயிர் என்று சொல்ல முடியாத எதனுடையதோ ஒரு சிறகு. மேலே மீன்கை பட்ட பிசுக்கு, தொட்டால் விரலை விட மனமில்லாமல் ஒட்டுகிற பிசுக்கு. அதில் கத்தரி நட்டால் காய்க்கும்.

"செல்வா, நீ அடி."

"நான் ஏன்க்கா?"

"நான் அடிச்சா இன்னிக்கு ராத்திரி கையை வெட்டிப் போட வேண்டி வரும்."

அவன் ஒற்றை விரலால், தேள் கொடுக்கைத் தொடுவதுபோல, தன் பெயரை அடித்தான். பச்சை எழுத்தில் பெயர் வந்தது. பேக்ஸ்பேஸை அழுத்தினான். ஒவ்வோர் எழுத்தாக, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக, அழிந்து போயிற்று.

"கட்டை நல்லாத்தான் இருக்கு நயினார் அண்ணாச்சி," என்றான். "கையைத்தான் எங்க கழுவன்னு தெரியல."

வாலாம்பாள் வெளியே நடந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். சந்தேகத்துக்குரிய மாப்பிள்ளையின் இரண்டாவது செல்போன் நம்பர் கிடைத்தால் வருமே, அந்த வெளிச்சம்.

எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. சப்ளையர் வந்து மேஜையைத் துடைத்தான். துடைத்த துணியைப் பார்த்த வாலாம்பாள், துடைக்காத மேஜையே மேல் என்று மனதார நம்பினாள். செல்வகணேஷ் மட்டும் டீயும் இரண்டு வடையும் கேட்டான். 'ஒரு டீ, ரெண்டு வடை' என்று சப்ளையர் திருப்பிச் சொன்னான்.

"ஒரு வடை போதும்," என்றான் செல்வகணேஷ்.

"ஒரு டீ, ஒரு வடை," என்றான் சப்ளையர். "அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான்.

"கண்டியா!" வாலாம்பாள் மேஜையைத் தட்டப் போனவள், மேஜை இன்னதென்று நினைவு வந்து காற்றைத் தட்டினாள். "இதாக்கும் விஷயம். உள்ளே இருக்கே சமையல்கட்டு, அது கெர்னல். கம்ப்யூட்டரோட மூலஸ்தானம். நீயும் நானும் அதுக்குள்ளே போக முடியாது. வாசல்ல நிக்கறவன் இந்த சப்ளையர். அவன்தான் டெர்மினல் டிரைவர்."

"டிரைவருக்கு எப்பவும் வாசல்ல நிக்கிற பொழப்புதான்," என்றான் செல்வகணேஷ், வெயிலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டு.

"குறுக்கே பேசாதே. நீ ஒரு கட்டையை அமுக்கினா எழுத்து நேரா திரைக்குப் போறதுன்னு எல்லாரும் நினைச்சிண்டிருக்கா. இல்லவே இல்லை. கட்டைக்கும் திரைக்கும் நேர் பந்தமே கிடையாது. நீ அமுக்கினது சப்ளையர்கிட்டே போறது. அவன் மனசில வச்சிண்டு, திருப்பிச் சொல்றான். அந்தத் திருப்பிச் சொல்றதைத்தான் நீ திரையில பார்க்கறே. 'அவ்வளவுதான்'னு நீ என்டர் தட்டற வரைக்கும் அவன் உள்ளே போக மாட்டான். அதுவரை 'ஒரு வடையைக் குறை'ன்னு சொல்லலாம். அதாக்கும் பேக்ஸ்பேஸ்."

"சரி. வடை குறைஞ்சிட்டு. அப்புறம்?"

"இப்போ அந்த மேஜைக்காரன் எழுந்து வந்து உன் காதுல 'நாலு பூரி'ன்னு கத்தறான்னு வை. உன் காதுல விழுந்தாச்சு. நீ பதறிப்போய் சப்ளையர்கிட்டே 'பூரி வேண்டாம், பூரி வேண்டாம்'னு கத்தினா அவன் என்ன சொல்லுவான்?"

"'எந்தப் பூரிவே?'ம்பான்."

"அதேதான்! அவன் மனசில பூரியே இல்லை. இல்லாததை எப்படிக் குறைப்பான்? அந்தக் குட்டி பேக்ஸ்பேஸை உடைச்சும் அந்த வரி மசியலை. ஏன்னா, அது அவ கட்டை வழியா வந்த வரியே இல்லை. யாரோ வேற டெர்மினல்ல உட்கார்ந்து, அவ திரை மேல நேரா எழுதியிருக்கான். காமிராவுக்காக!"

செல்வகணேஷ் வடையை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். "அப்பம் குளிரை நிறுத்தினது?"

"அந்த வரி உள்ளேயே போகலையே. அது எப்படி நிறுத்தும்?"

"அதான பாத்தேன்!" வடையை வைத்தே விட்டான். "எங்க மாமா கூட்டப்புளியில மீன் யாவாரம்க்கா. நாத்தத்துக்கு வயசு சொல்லுவாரு. நேத்துக் காலம்பற குளிரை நிறுத்தினா ஐஸே நேத்து முழுக்க உருகிக்கிட்டுக் கெடக்கும். இது நேத்தைய நாத்தம் இல்ல. சனிக்கெழமையே செத்து, ஞாயித்துக்கெழமை ஊதி, திங்கக்கெழமை வெடிச்ச நாத்தம்."

"போறும்! போறும்டா!"

வாலாம்பாள் கைக்குட்டையோடு தெருவைக் கடந்து ஓடினாள். வடையை அந்தப் பூனைதான் தின்றிருக்க வேண்டும்.

கிடங்கில் கம்ப்யூட்டர் ஒன்றுதான்; அதோடு கேபிளில் கட்டிய திரையும் விசைப்பலகையுமாக மொத்தம் மூன்று டெர்மினல்கள். ஒன்று ஸ்ரீலக்ஷ்மியுடையது. இன்னொன்று கணக்குப் பகுதியில், சுமந்த் என்கிற இளைஞனுடையது. கம்ப்யூட்டரைப் பராமரிக்கிறவனும் அவன்தான். நேந்திரங்காய் சிப்ஸ் தின்றபடியே வேலை பார்ப்பவன் என்பதை அவனுடைய விசைப்பலகை எண்ணெய் வழியச் சொல்லிற்று.

"நீ அந்தக் குட்டி திரையில எழுதுவியாமே?" என்று வாலாம்பாள் எடுத்த எடுப்பில் கேட்டாள். குத்துமதிப்பாக எய்த அம்பு. நேராகப் போய்த் தைத்தது.

சுமந்த் சிவந்தான். "சேச்சி, அது... பண்டு. 'சாயா குடிக்கான் வருந்நோ'ன்னு சும்மா எழுதுவேன். வேற ஒண்ணும் இல்லை. அவள் தேஷ்யப்பட்டு, கோபத்தில வாசலை அடைச்சிட்டா."

"என்ன வாசல்?" என்றான் செல்வகணேஷ்.

"ஒவ்வொரு டெர்மினலுக்கும் கெர்னல்ல ஒரு வாசல் உண்டு," என்றாள் வாலாம்பாள். "அதில யார் எழுதலாம், யார் எழுதப்படாதுன்னு அந்த டெர்மினல்காரியே பூட்டிக்கலாம். நீ பூட்டினியோ கொழந்தே?"

"ஓணத்துக்கு முன்னாடியே பூட்டியாச்சு மேடம்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, சுமந்தைப் பார்க்காமல். "அந்த சாயாத் தொல்லை பொறுக்க முடியலை."

வாலாம்பாளுக்குச் சப்பென்று ஆயிற்று. இவன்தான் ஆள் என்று பாதி தீர்மானித்திருந்தாள். எண்ணெய் விரல், வழிசல் சிரிப்பு, எல்லாம் பொருந்தி வந்தது. இருந்தாலும் ஒரு தடவை எழுதிப் பார்க்கச் சொன்னாள். சுமந்த் தன் இடத்திலிருந்து எழுதினான். 'அனுமதி இல்லை' என்று கம்ப்யூட்டர் அவன் முகத்தில் கதவைச் சாத்திற்று.

"அடைச்ச வாசலுக்குள்ளே யாருமே நுழைய முடியாதா?"

"சூப்பர்யூசர் நுழையலாம் சேச்சி. அவருக்குப் பூட்டே கிடையாது. பக்ஷே சூப்பர்யூசர் மாடியில இருக்கற டெர்மினல் வழியா மட்டும்தான் உள்ளே வர முடியும். இது வச்ச காலத்திலேயே நயினார் சார் அப்படித்தான் வேணும்னு சொல்லிட்டாராம். பழைய ஆளுகள் சொல்லுவா, பண்டு சார் மாடியில இருந்தே திரையில எழுதித் திட்டுவாராம்."

எல்லோரும் நயினாரைப் பார்த்தார்கள்.

நயினார் கொஞ்சமும் கலங்கவில்லை. சிரித்தார். "அது எந்தக் காலம்! அந்தப் பெட்டி செத்து வருஷம் ஆச்சு. துண்டு காயப்போட வச்சிருக்கேன். வேணும்னா வந்து பாருங்க. சாவி என் இடுப்புலதான் கெடக்கும், அந்த ரூம்புக்குள்ள என்னைத் தவிர ஒரு ஈ நுழையாது."

அந்த நேரத்தில்தான் சர்வேயர் வந்து சேர்ந்தார். யோசுவா என்று பெயர், நாகர்கோவில்காரர், கையில் தோல்பை, மூக்கில் இரண்டு முகமூடி. மூன்றாம் அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் பாதி வெளிறிய முகத்தோடு திரும்பியவரை, "நீங்களும் வாங்கோ சார்" என்று வாலாம்பாள் மாடிக்கு அழைத்துப் போனாள்.

மாடி அறை ஏசி அறை. ஊதுபத்தி வாசனை. மேஜையில் பச்சைக்கரைத் துண்டு போர்த்திய ஒரு பெட்டி. திரை இருட்டு.

"நான் சொல்லல?" என்றார் நயினார். "செத்துப்போச்சு."

வாலாம்பாள் துண்டை இரண்டு விரலால் தூக்கினாள். கீழே விசைப்பலகை. பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் காலையிலிருந்து அவள் கண்ட அத்தனை அசிங்கத்தையும் தாங்கிக்கொண்டிருந்த வயிறு, இப்போதுதான் நிஜமாகப் புரட்டிக்கொண்டு வந்தது. விசைப்பலகை பளபளவென்று இருந்தது. ஒரு தூசி இல்லை. சந்தனவாசனையோடு, யாரோ பஞ்சால் ஒவ்வொரு கட்டையாகத் துடைத்திருந்தார்கள்.

"என்னக்கா?"

"அழுக்கைக் கண்டா மூக்கைப் பொத்திக்கலாம் செல்வா. செத்த பெட்டியை யாருடா குளிப்பாட்டுவா? இந்தச் சுத்தத்தைப் பார்த்தாத்தான் எனக்குக் குமட்டறது."

பெட்டியின் பின்புறம் கையை விட்டுச் சுவிட்சைப் போட்டாள். கண்ணாடி மெல்லப் பச்சையாக விழித்தது. வாலாம்பாள் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு என்டரைத் தட்டினாள். பெயர் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு பின்னிய '#' குறி ஒன்று வந்து, 'உத்தரவிடுங்கள் எஜமான்' என்கிற தோரணையில் நின்றது.

சுமந்த் "அய்யோ!" என்றான். "இது சூப்பர்யூசர்!"

உள்ளே இருக்கிற எஜமான் எப்போது வந்தார் என்று வாலாம்பாள் ஒரு சொல் அடித்துக் கேட்டாள். நேற்றுக் காலை என்றது கம்ப்யூட்டர். இன்னும் வெளியே போகவில்லை என்றது.

நயினாரின் முகத்தில் திருநீறுக்கும் தோலுக்கும் நிறவேறுபாடு மறைந்தது. "கெட்டுப்போன மிஷின்! என்னத்தையாவது காட்டும்!" பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தார். திரை இருண்டது. பெருமூச்சு விட்டார். "போச்சு. முடிஞ்சிட்டு. அணைச்சாச்சு."

வாலாம்பாள் ரொம்பப் பொறுமையாகச் சுவிட்சைத் திரும்பப் போட்டாள். என்டரைத் தட்டினாள்.

'#' என்றது திரை.

"நேத்தும் இதைத்தானே பண்ணினேள் அண்ணாச்சி? எழுதியாச்சு, கண்ணாடியை அணைச்சாச்சு, நாம போயாச்சுன்னு நினைச்சிண்டேள். இது கண்ணாடி மட்டும். கம்ப்யூட்டர் கீழே இருக்கு. ஆள் எழுந்து போயிட்டான்னு வாசல்காரனுக்குச் சொல்லறதுக்குத் தனியா ஒரு கம்பி உண்டு. நீங்க காசு மிச்சம் பிடிச்சு மூணே கம்பி உள்ள கேபிள் போட்டிருக்கேள், அந்தக் கம்பியே இல்லை. இப்போ கெர்னலைப் பொறுத்தவரை நீங்க நேத்துலேர்ந்து இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கேள். சாப்பிடக்கூட எழுந்திருக்கலை."

"ஒரு நிமிசம்," என்றார் யோசுவா. முகமூடிக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. இங்க இருந்து எழுதினா கீழ அந்தப் புள்ள எழுதின மாதிரியே தெரியுமோ? அதெப்பிடி?"

"பார்த்துடலாம் சார். செல்வா, நீ இங்கேயே இரு. சுமந்த் எப்படின்னு சொல்லித் தருவன். மரியாதையா எதையாவது எழுது."

கீழே ஸ்ரீலக்ஷ்மியின் நாற்காலியில், நயினாரும் பார்த்து நிற்க, யோசுவாவை உட்காரவைத்தாள். அவர் கைகள் இரண்டும் மடியில். பின்னால் காமிராவின் சிவப்புப் பொட்டு எரிந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் திரையில், உத்தரவுக்குக் காத்திருக்கிற டாலர் குறிக்குப் பக்கத்தில், யாரும் தொடாமலே, ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு வரி வந்து விழுந்தது:

'யோசுவாவாகிய நான்தான் அத்தனை எறாலையும் பச்சையாகத் தின்றேன்.'

"எவம்ல அவன்!" யோசுவா துள்ளினார். பேக்ஸ்பேஸை அழுத்தினார். போகவில்லை. இன்னும் அழுத்தினார். முழங்கை குதித்தது. எழுத்து ஒன்றுகூட அசையவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் குத்தினார். திரையில் இறாலைத் தின்ற யோசுவா, தின்ற யோசுவாவாகவே இருந்தார்.

"எப்படி ஆவேசமா அடிக்கறேள் பார்த்தேளா சார்," என்றாள் வாலாம்பாள். "காமிராவுல எல்லாம் பதிவாயாச்சு. இனி நீங்க ஒரு எழுத்து எழுதித் தந்தா போறும், போலீஸுக்குப் போக மாட்டோம்."

யோசுவா திரையைப் பார்த்தார். பிசுக்குப் பிடித்த தன் கையைப் பார்த்தார். ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தார். கடைசியாக நயினாரைப் பார்த்தார். அது நல்ல பார்வை இல்லை.

"குளிர் மிஷின் எப்பம் ஓய் கெட்டுப்போச்சு?"

நயினார் வாயைத் திறந்து மூடினார். கரையில் போட்ட மீன்கூட அதைவிடக் கண்ணியமாகச் செய்யும்.

"சனிக்கெழமை," என்றார் கடைசியில், தரையிடம். "ரிப்பேருக்கு ஆளு கூப்பிடலாம்னு... திங்கக்கெழமை பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன். ரிப்பேர் பாக்காம விட்டா இன்சூரன்ஸ் கிடைக்காதுல்லா. பணியாளு கைதவறினதுன்னா கிடைக்கும். இந்தப் பிள்ளைன்னா எப்படியும் பெங்களூர் போற பிள்ளைதானேன்னு..."

வாலாம்பாள் கைக்குட்டையை எடுத்தாள். மூக்கில் வைக்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டாள். அழுகின இறாலுக்குக் கற்பூரம் போதும். இதற்கு எதுவும் போதாது என்று தோன்றிற்று.

இதற்குமேல் ஒரு மனிதன் கீழே இறங்க முடியாது என்று நினைப்பீர்கள். நயினார் இறங்கினார். ஸ்ரீலக்ஷ்மியின் கையிலிருந்த தாளைத் தானே வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, பெருந்தன்மை பொங்கும் குரலில் சொன்னார்: "போகட்டும் மோளே. நீ ஒண்ணும் பயப்படாண்டாம். நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா. நான் எதையும் மனசுல வச்சுக்கிட மாட்டேன்."

மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த செல்வகணேஷ் படியிலேயே நின்றுவிட்டான். "அக்கா, பக்கெட் எதும் கெடைக்குமா? எனக்கே வருது."

ஸ்ரீலக்ஷ்மி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். யோசுவா விலகி இடம் கொடுத்தார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து என்டரைத் தட்டினாள். புதிய வரி வந்தது. 'எக்ஸிட்' என்று நாலெழுத்து அடித்தாள். மறுபடி என்டர். திரை ஒரு தடவை சிமிட்டி, அவளை மறந்து, 'லாகின்' என்று புது ஆளைக் கேட்டு நின்றது.

"நயினார் சார்," என்றாள். "கண்ணாடியை அணைச்சா போனதாகாது. போறதுன்னா இப்படிப் போகணும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கி, சாலைப் பக்கம் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. நாற்றம்கூட அவளைத் தொடர்ந்து போகத் தயங்கியது போலிருந்தது.

யோசுவா தோல்பையைத் திறந்து காமிராவை எடுத்தார். முகமூடியைச் சரிசெய்தார். நயினாரின் முழங்கையைக் கல்யாண வீட்டில் சம்பந்தியைப் பிடிப்பதுபோல இதமாகப் பிடித்தார்.

"வாரும் ஓய், மாடிக்குப் போவோம். நீரு இன்னும் உள்ளதான் இருக்கீரு. போலீஸ் வாறதுக்கு மின்ன, அந்த நாற்காலியில வச்சு உம்மள ஒரு போட்டோ எடுக்கணும்."